படிப்பகத்து மெஷின் பிழைத்துவிட்டது

அன்புள்ள மாப்ளே,

போன் போட்டால் "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று ஒரு வரி வருகிறது. அதோடு சரி, நீ திரும்பக் கூப்பிடுவதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல. நாம் ஈத்1 என்று பட்டப்பெயர் வைத்தவன் துபாயிலிருந்து வந்து போனான். அதே தொப்பை, அதே அலட்டல். உன்னை விசாரித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம சார் படிப்பகத்தில் போட்டுக்கொடுத்த டெபியன் லினக்ஸ் மெஷின் இருக்கிறதல்லவா, அதில் திடீரென்று நெட் போய்விட்டது. பிள்ளைகள் நோட்ஸ் எடுப்பது, பிரிண்ட் போடுவது எல்லாமே அதன் வழியாகத்தான். பரீட்சை நேரம் வேறு. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பி பயந்துபோய் அதைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே யாரோ லினக்ஸ் தெரிந்தவர் நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்திருக்கிறார். மெஷின் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் 'லோ' ஒன்றுதான் வந்திருக்கிறது. "லேன் செத்துப்போச்சு, போர்டையே மாத்தணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் வசூலுக்கு நோட்டு போட்டுவிட்டு அப்புறம்தான் என்னிடம் வந்தான்!

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இஃப்கான்ஃபிக்கை வெறுமனே அடித்தால் அப் ஆகி இயங்குகிற இன்டர்ஃபேஸை, அதாவது நெட்வொர்க் இணைப்பை, மட்டும்தான் காட்டும். டவுனில் கிடப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் ஒரு '-ஏ' சேர்க்க வேண்டும். அந்த ஒரு எழுத்துக்காக ஒரு போர்டு குப்பைக்குப் போகப் பார்த்தது. நான் எல்லாவற்றையும் காட்டும் 'ஐபி லிங்க்' அடித்தேன். லேன் கார்டு அங்கேயேதான் இருக்கிறது, டவுன் என்று. பெயர் இஎன்பி4எஸ்0. கேபிளைச் செருகினாலும் விளக்கு எரியவில்லை என்பதைத்தான் கடையில் பெரிய சாட்சியாகச் சொன்னார்களாம். யாரும் அப் செய்யாத கார்டு விளக்கை அணைத்து வைத்திருப்பது புதிதா என்ன? 'ஐபி லிங்க் செட்' போட்டு அப் செய்தேன், பச்சை விளக்கு எரிந்தது. தம்பி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சரி, ஏன் தானாக அப் ஆகவில்லை? சாரைத்தான் உனக்குத் தெரியுமே, இணைப்பைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் என்றாலே ஆகாது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, செட்டிங்குகள் இருக்கும் இடிசி-க்குள் உள்ள இன்டர்ஃபேசஸ் ஃபைலில் எல்லாவற்றையும் கையால் எழுதி வைத்திருக்கிறார். 192.168.1.10 என்று நிலையான முகவரி. ஆனால் அதில் இருக்கிற பெயர் இஎன்பி3எஸ்0. மெஷினிலோ 4. மேலே 'அலவ்-ஹாட்பிளக்' என்று போட்டிருப்பதால், அந்தப் பெயரில் கார்டு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சிஸ்டம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கார்டு வரவே இல்லை, அதனால் பிழைச் செய்தியும் இல்லை. 'ஆட்டோ' என்று எழுதியிருந்தால் அந்த மாதிரி டிவைஸே இல்லை என்று பூட் ஆகும்போதே கத்தியிருக்கும்.

3 எப்படி 4 ஆனது என்று தம்பியைத் துருவித் துருவிக் கேட்டேன். ஒன்றுமே செய்யவில்லை என்றான். அப்புறம் மெதுவாக, "ஒரு எஸ்எஸ்டி மட்டும் போட்டேன் அண்ணா" என்றான். போர்டின் எம்.2 ஸ்லாட்டில் செருகும் என்விஎம்இ வகை. அதுவும் லேன் கார்டு மாதிரி பிசிஐ வழியாகப் போர்டோடு பேசும் டிவைஸ்தானே. அது நடுவில் புகுந்ததும் பின்னால் இருந்த லேன் கார்டின் பஸ் எண் ஒன்று தள்ளிப்போய்விட்டது. பெயரில் 'பி'க்குப் பின்னால் வருவது அந்த எண்தான். கர்னல் லாகிலும் இருந்தது: 04:00.0, ஈத்0 என்ற பழைய முறைப் பெயரிலிருந்து மாற்றப்பட்டது என்று.

இங்கேதான் உன்னோடு ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. 2013-இல், லினக்ஸைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பு இந்தப் பெயர் முறையைக் கொண்டுவந்தபோது ஐஐடி கூட்டம் முடிந்து டீக்கடையில் நீ என்னவெல்லாம் பேசினாய்! "இனிமேல் பெயர் மாறவே மாறாது." இப்போது என்ன சொல்கிறாய்? போர்டிலேயே இருக்கும் கார்டுக்கு பயோஸ் ஒழுங்காக எண் கொடுத்தால் இஎன்ஓ1 என்று வரும், அது அசையாது. கொடுக்காத போர்டில் பஸ் எண்ணை வைத்துத்தான் பெயர், அது இப்படித்தான் ஆடும். இதற்காகப் பழைய ஈத்0 காலத்துக்குப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு டிஸ்க்கை லேப் முழுக்கக் குளோன் செய்துவிட்டு நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? ஒவ்வொரு மெஷினும் பழைய கார்டின் மேக் முகவரியை (கார்டுக்கென்றே உள்ள எண்), எந்தக் கார்டுக்கு எந்தப் பெயர் என்று குறிக்கும் அந்த 70-ஆம் நம்பர் ரூல்ஸ் ஃபைலில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கார்டை ஈத்1 ஆக்கியதே. பாவம், ஒருவனுக்குப் பட்டப்பெயர்தான் மிச்சம்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் கர்னல் வரியில் 'நெட்.இஃப்நேம்ஸ்=0' போட்டு, பழைய ஈத்0 பெயருக்கே திருப்பிவிட்டுக் கிளம்பியிருப்பாய். ஒரே கார்டு உள்ள மெஷினுக்கு அது போதும்தான். நாளைக்குத் தம்பி இன்னொரு கார்டைப் போடுவான், எது ஈத்0 எது ஈத்1 என்பது டிரைவர் ஏறுகிற வரிசையைப் பொறுத்தது ஆகிவிடும். நான் '.லிங்க்' ஃபைல் ஒன்று எழுதினேன். இந்த மேக் முகவரி வந்தால் பெயர் லேன்0, அவ்வளவுதான். இன்டர்ஃபேசஸ் ஃபைலிலும் லேன்0 என்று மாற்றினேன். பூட்டின் ஆரம்பக் கட்டத்திலேயே பெயர் வைக்கப்படுவதால் அந்தக் கட்டத்துக்கான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்துவிட்டேன். ரீபூட் செய்ததும் நெட்டுக்கு வாசலான கேட்வே பிங்குக்குப் பதில் சொன்னது. பிரிண்டர் தேங்கிக்கிடந்த பக்கங்களை எல்லாம் துப்ப ஆரம்பித்தது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த ஃபைலைத் திறந்தபோது மேலே ஹாஷ் போட்டு சார் எழுதியிருந்தார்: "இந்த ஐபி மாறினால் பிரிண்டர் நிற்கும். கைவைக்கும் முன் என்னைக் கூப்பிடு." தம்பியை ஏன்டா கூப்பிடவில்லை என்று கேட்டேன். கூப்பிட்டானாம். சாரால் பேச முடியவில்லை.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாருக்குப் பக்கவாதம். வலது கை எழவில்லை, பேச்சு குழறுகிறது. மெஷின் சரியானதும் நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். எஸ்எஸ்டி என்றதுமே இடது கையால் என் நோட்டை இழுத்து, கோணல்மாணலாக 3 எழுதி அடித்துவிட்டுப் பக்கத்தில் 4 எழுதினார். நான் கதையில் இன்னும் அந்த இடத்துக்கு வரவே இல்லை, மாப்ளே. சார் வீட்டு அம்மா உள்ளே போய் அழுதார்கள்.

ஆள் தெளிவாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த ஊரில் அவர் போட்டுக்கொடுத்த மெஷின்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, எதில் என்ன இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது. நான் ஒவ்வொன்றாகப் போய் இன்டர்ஃபேசஸ் ஃபைலையும் மேக் முகவரியையும் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். தம்பியும் கூட வருகிறான். நீ சர்வர்களை மந்தை மந்தையாக மேய்ப்பவன், இதற்கு ஒழுங்கான வழி ஏதாவது இருந்தால் எழுது. கிளவுட் என்று ஆரம்பிக்காதே.

தீபாவளிக்கு வரும்போது ஒரு நாள் சேர்த்து லீவு போடு. சார் வீட்டுக்கு இருவரும் போவோம். நாலு மணிக்கு மேல் போனால் போதும், அதுவரை பிசியோதெரபி இருக்கும். அப்புறம், உன் ஆபீசில் கழித்துக்கட்டிய ஹார்டு டிஸ்க் ஏதாவது கிடைத்தால் எடுத்து வா. படிப்பகத்தில் பேக்கப் எடுக்க ஒன்றுமே இல்லை.

அன்புடன்,
கட்டை