விளையாட்டு மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

பெருமதிப்பிற்குரிய அங்கத்தவர்களுக்கு,

ஸ்காபரோவிலுள்ள நமது சங்கக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தை விளையாட்டு மண்டபமாக மாற்றுவதற்குப் பொதுக்கூட்டத்தில் தாங்கள் வழங்கிய அனுமதியின்படி தொடங்கப்பட்ட திருப்பணி நிறைவுற்றதை நிர்வாகக் குழு மகிழ்வுடன் அறியத் தருகிறது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து இந்நகருக்கு வந்தவர்களில் பலர், மாலையானதும் வெளியிற் கூடி விளையாடிப் பழகியவர்கள். பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும் அவர்களுக்கு, குறிப்பாக ஓய்வுபெற்ற முதியோருக்கு, ஓர் இடம் வேண்டும் என்பதே அத்தீர்மானத்தின் நோக்கம்.

வேலைகளில் அதிக கவனத்தைக் கேட்டது கரம் (கேரம்) பலகை ஆட்டப் பகுதியே. ஆடுதளம் 74 சென்ரிமீற்றர் சதுரமான போட்டித் தரப் பலகைகளையே வாங்கினோம். அவற்றைத் தாங்கும் மேசைகளை, விதிகள் கூறும் 63 முதல் 70 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் அமையுமாறு தச்சரைக் கொண்டு செய்வித்தோம். வெப்பமூட்டியின் வறண்ட காற்றில் பலகை வளைந்துவிடும் என்பதால், சூடான காற்று வரும் துவாரங்களிலிருந்து மேசைகளைத் தள்ளி வைத்ததோடு ஈரப்பதமூட்டியும் பொருத்தியுள்ளோம். போரிக் அமிலத்துடனான தொடர்பைக் குறைக்குமாறு கனேடியச் சுகாதாரத் திணைக்களம் 2016இல் அறிவுறுத்தியிருப்பதாலும், சிறுவர்களும் இங்கு ஆடுவதாலும், பலகையில் வழுக்கலுக்காகத் தூவும் போரிக் தூளுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மாவே வழங்கப்படும். அடிப்பான் முன்போல் வழுக்கி ஓடவில்லை என்று மூத்த ஆட்டக்காரர்கள் முறையிடுகிறார்கள். முறைப்பாட்டில் நியாயம் உண்டு, எனினும் குழு தன் முடிவை மாற்றாது.

304 என்னும் சீட்டாட்டம் ஆடுவோருக்குத் தனி அறை தடுக்கப்பட்டு, சுவரில் ஒலி அடக்கும் பலகையும் பொருத்தப்பட்டுள்ளது. துரும்பு வெட்டுப்படும் வேளையில் அமைதி காக்குமாறு கேட்பதிற் பயனில்லை என்பதைக் குழு பல ஆண்டுகளாக அறியும். பணம் வைத்து ஆடுவதற்கு மட்டும் இடமில்லை.

கரப்பந்தாட்டத்தை உள்ளேயே நடத்த வேண்டும் என்ற இளைஞர்களின் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. அதற்குத் தளத்துக்கு மேல் 7 மீற்றராவது தடையின்றி இருக்க வேண்டும். நமது நிலக்கீழ்த் தளத்தின் கூரையோ அதன் பாதி உயரமும் இல்லை. ஆகவே பின்வளவைச் சமப்படுத்தி, 18க்கு 9 மீற்றர் அளவில் கோடிட்டு, வலையை ஆண்களுக்கு 2.43 மீற்றரிலும் பெண்களுக்கு 2.24 மீற்றரிலும் கட்டக்கூடிய கழற்றும் கம்பங்களை நாட்டியுள்ளோம். அதே நிலத்தில் வேறு நிறத்தில் கிளித்தட்டுக் கோடுகளும் வரையப்பட்டுள்ளன. கனடாவிற் பிறந்த பிள்ளைகளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோர் முன்வந்தால், கோடைகாலச் சனிக்கிழமைகளில் வளவின் ஒரு நேரத்தை அதற்கென ஒதுக்கலாம்.

கணக்காய்வாளர் ஒப்பமிட்ட வரவு செலவு அறிக்கை தனியே இணைக்கப்பட்டுள்ளது. கடன் எதுவும் பெறப்படவில்லை; எஞ்சிய தொகை பலகைப் பராமரிப்புக்கென ஒதுக்கப்படுகிறது. மண்டபத்தைத் திறந்து மூடும் பொறுப்பை ஏற்க விரும்பும் அங்கத்தவர்கள் செயலாளரிடம் பெயர் பதியவும்.

நிர்வாகக் குழு