வீட்டைப் பணியிடமாகக் கொண்டோரின் பயணச் செலவு: உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீட்டைத் தவிர வேறு பணியிடம் இல்லாத ஊழியர்களின் சார்பில் எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன். என் வேலை ஒப்பந்தம் பணியிடமாகக் குறிப்பிடுவது உட்லண்ட்சில் உள்ள என் வீட்டைத்தான். நிறுவனத்தில் எனக்கென ஒரு மேசை கிடையாது. பயிற்சி அளிக்க வாடிக்கையாளர்களிடம் அனுப்பப்படும்போது போக்குவரத்துக் கட்டணத்தை நானே செலுத்துகிறேன்.

அலுவல் கடமைக்காகச் செய்து, முதலாளி திருப்பித் தராத பொதுப் போக்குவரத்துச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றும், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான செலவைக் கழிக்க முடியாது என்றும் விதி கூறுகிறது. அலுவலகத்தில் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கு இது தெளிவானது. ராஃபிள்ஸ் பிளேசில் உள்ள தம் அலுவலகத்திலிருந்து துவாசில் உள்ள வாடிக்கையாளரிடம் அவர் எம்ஆர்டி ரயிலில் சென்றால் அது அலுவல் செலவு. அதே வாடிக்கையாளரிடம், அதே வேலைக்காக, நான் உட்லண்ட்சிலிருந்து செல்லும் செலவு, புறப்பட்ட இடம் வீடு என்பதாலேயே சொந்தச் செலவாகிவிடுமா?

வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடிய மின்கட்டணத்தை, அதே வீட்டிலிருந்து வேலை செய்யும் மற்றவர்களோடு பங்கிட்டுக் கழித்துக்கொள்ள ஆணையம் ஏற்கெனவே அனுமதிக்கிறது. எரியும் விளக்கைப் பொறுத்தவரை வருமானம் ஈட்டப்படும் இடமாக மதிக்கப்படும் வீடு, கதவைத் தாண்டியதும் வெறும் குடியிருப்பாகக் கருதப்படுவது முறையன்று என்பதே என் வாதம்.

வாரத்தில் சில நாள் விரும்பி வீட்டிலிருந்து வேலை செய்துவிட்டு மற்ற நாள்களில் அலுவலகம் செல்பவரின் பயணத்துக்கு நான் சலுகை கேட்கவில்லை. அது வழக்கமான பயணமே. நிறுவனத்தின் கூட்டத்துக்காக நானே தலைமையகம் செல்லும் பயணமும் விவாதத்துக்குரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொந்தக் காருக்கான செலவுக்கு இப்போதுள்ள தடையும் அப்படியே இருக்கட்டும். ஒப்பந்தப்படி வீட்டையே பணியிடமாகக் கொண்டவர், முதலாளியின் பணிப்பின்பேரில் வாடிக்கையாளரிடம் பொதுப் போக்குவரத்தில் சென்றுவருவதை மட்டுமே குறிப்பிடுகிறேன். ஆதாரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், தவறான கோரிக்கைகளைச் சரிபார்க்கவும் வழியுண்டு.

வீட்டிலிருந்து வேலை செய்வது போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளைக் கோருவது குறித்து அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் வகுத்த வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. அரசாங்கமே ஆதரிக்கும் இம்முறையில் வேலை செய்வோர், வரிப் படிவத்தை நிரப்பும்போது தயங்கி நிற்கக் கூடாது. தொகை சிறியதுதான், ஆயினும் குறைந்த சம்பளத்தில் ஊர் முழுதும் சென்றுவருவோருக்கு அது பொருட்டே.

ஆகவே, வரிப் படிவத்தை இணையம்வழி தாக்கல் செய்வதற்கான அடுத்த ஏப்ரல் 18ஆம் தேதிக் கெடுவுக்கு முன்னதாக, இத்தகையோரின் பயணம் எங்கிருந்து அலுவல் பயணமாகக் கருதப்படும் என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்கி, அந்த விளக்கத்தைத் தமிழ் உள்ளிட்ட நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ்வாசியான ஒரு வரிசெலுத்துநர்