அயனி மரத்து வழக்கு முடிந்தது

களியக்காவிளை,
ஜூன் 9

அன்புள்ள மக்கா,

நான்கு மாதமாக எழுதவில்லை. திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். மூட்டுவலி எப்படி இருக்கிறது? மூத்தவளுக்குப் பாலக்காட்டு வேலை உறுதியானதா? இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துவிட்டதால் ரப்பர் பால்வெட்டு நின்று, கையில் காசில்லை.

அண்ணன்மேல் போட்ட நில வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். கத்தாதே. தாத்தாவின் மலையாளப் பிரமாணத்தை, அந்த நிலப் பத்திரத்தை, இரண்டு இரவு பூதக்கண்ணாடி வைத்து வாசித்து, மூன்று சென்டும் அயனி மரமும் என் பங்கில்தான் என்று எழுதித் தந்தவன் நீ. 1956-க்கு முந்திய திருவிதாங்கூர் எழுத்தை எங்கள் தெருவில் படிக்க வேறு ஆள் இல்லை. நீ வாசித்தது சரி. அந்த நிலம் என்னுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு திருவிருந்து ஞாயிறன்று போதகர் ஐயர் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் வாசித்தார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும் இடம். ஓய்வுநாள் பள்ளியில் அதை ஒப்புவித்து நாம் சோப்புப்பெட்டி பரிசு வாங்கினோமே. (உன் சோப்புப்பெட்டி என் உதட்டசைவால் கிடைத்தது.) இத்தனை வருடமும் தப்பாகவே புரிந்து வைத்திருந்தேன். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அதில் இல்லை. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ என்றிருக்கிறது. அண்ணனுக்கு என்மேல் என்ன குறை? நான் கேட்டதே இல்லை.

பதினெட்டாம் அதிகாரம் இன்னும் மோசம். முதலில் தனியே போய்ப் பேசு, கேளாவிட்டால் இரண்டொருவரோடு போ, அதற்கும் பிறகுதான் சபை என்கிறார் இயேசு. நான் முதலில் வக்கீல் நோட்டீஸ் விட்டேன், பிறகு சந்தையில் சொன்னேன், பிறகு சபைக் கமிட்டியில் சொன்னேன். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

மனம் இளகிப் போனேன் என்று நினைக்காதே. எல்லைக் கையாலையைத் தாண்டும்போதுகூட அந்த மரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். மனம் இளகட்டும் என்று காத்திருந்தால் கல்லறைத் தோட்டத்திலிருந்துதான் எழுந்து போயிருக்க வேண்டும். போ என்றார், போனேன்.

அண்ணன் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “உங்களுக்கு என்மேல் என்ன குறை?” என்றேன். மயினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து, அது ஆறும்வரை பதில் இல்லை. பிறகு, முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஏழு மாதம் அப்பா படுக்கையில் கிடந்தார். நீ துபாயிலிருந்து பணம் அனுப்பினாய். மலம் அள்ளியது நான். அடக்கம் முடிந்து நாற்பது நாள் ஆகுமுன் அளக்க டேப்போடு வந்தாய்.”

மக்கா, அந்த டேப் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எந்தப் பிரமாணத்தை எடுத்து இதற்குப் பதில் காட்டுவேன்? ஆதியாகமத்தில் ஈசாக்கு, மேய்ப்பர்கள் சண்டைக்கு வந்த ஏசேக்கையும் சித்னாவையும் விட்டுவிட்டு நடந்தது நினைவுக்கு வந்தது. இரண்டும் அவன் ஆட்கள் வெட்டிய கிணறுகள். நியாயம் அவன் பக்கம்தான். ஆனாலும் நகர்ந்து போய் மூன்றாவதை வெட்டினான், அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. மறுவாரமே வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படித்துவிட்டு உன் தங்கையின் பங்கையும் விட்டுக்கொடுக்கச் சொல்லிவிடாதே! அவள் விஷயம் வேறு. பவுலே ‘கூடுமானால்’, ‘உங்களாலானமட்டும்’ என்று இரண்டு பூட்டுப் போட்டுத்தான் சமாதானமாயிருக்கச் சொல்கிறார். அவளுக்கு அது கூடாத காரியம், நீ கோர்ட்டுக்குப் போ, பஸ் காசு நான் தருகிறேன்.

அண்ணனும் நானும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. நேற்று மயினி கையில் ஒரு சாக்கு அயனிச் சக்கை கொடுத்தனுப்பினார். பாதி அழுகல். பாசமா, குசும்பா என்று தெரியவில்லை. நல்லதை மட்டும் பொறுக்கித் தின்றோம்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்