கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாவடு போட்டிருக்கிறேன், இன்னும் சுருங்கவில்லை. தம்பி வழக்கம்போலத்தான், எழுத ஒன்றும் இல்லை.

போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு நீயாகத்தான் கேட்டாய். “பாப்பா முக்கும்போது கீழே வலது பக்கம் உருண்டையா தெரியுதும்மா, நார்மல்தானே?” நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் பல் முளைக்கிற கதைதான். பல் எப்படியும் முளைக்கும். நான் கேட்டது அதை இல்லை.

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அது இன்னதுதான் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் நின்றே தலை நரைத்தவள் நான். தொடையும் வயிறும் சேருகிற மடிப்பில், அழுதால் வருகிறது, தூங்கினால் மறைகிறது என்றால் அது ஹெர்னியாவாக, அதாவது குடல் இறக்கமாக இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நீ கூட்டிக்கொண்டு போகிற நேரத்தில் வீக்கம் தெரியாமல் போகலாம். அதனால் தெரியும்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

பெண் குழந்தைக்குக் குடல் இறங்காது என்று உன் அத்தை சொல்லியிருப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம், அது உண்மை. பெண் குழந்தைக்கு வராது என்பது உண்மை இல்லை. நீ பாப்பாவை அழவிட்டதால் வந்தது என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் நீ பேசாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இது வயிற்றில் இருக்கும்போதே அமைகிற விஷயம் கண்ணு. வயிற்றின் உள்சவ்வு ஒரு சின்னப் பை மாதிரி அந்த வழியாக வெளியே நீண்டிருக்கும், பிறக்கிற சமயத்தை ஒட்டித் தானாக மூடிக்கொள்ளும். 33 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது மூட நேரம் எங்கே இருந்தது? குறைமாதக் குழந்தைகளுக்கு இது நிறையவே வரும். அழுகை அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். நீ திரும்ப வேலைக்குப் போனதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்குபேட்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பால் பீய்ச்சிக் கொடுத்து அவளைத் தேற்றியவள் நீ. உன்னை எவரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இவ்வளவு செய்தவள், இதை மட்டும் ஏன் தள்ளிப்போடுகிறாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

உனக்குத் தொப்புள் புடைத்திருந்ததும், பாட்டி காசு வைத்துக் கட்டியதும் அங்கே எல்லோருக்கும் தெரியும், நீயே சொல்லியிருக்கிறாய். அது தானாகத்தானே போயிற்று என்பார்கள். போயிற்று, காசால் போகவில்லை. தொப்புளில் வருவது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். அதனால்தான் பாட்டி கட்டியபோது நானும் பேசாமல் இருந்தேன். இது வேறு. தொடை இடுக்கில் வருவது தானாகப் போகாது. காசு, பெல்ட், எண்ணெய் எதுவும் ஆகாது. கட்டினால் அந்த இடம் நசுங்கும், அதுதான் மிச்சம். ஆபரேஷன் ஒன்றுதான் வழி, அதுவும் கைக்குழந்தைக்கு நாள் கடத்தக் கூடாது. முதல் வருஷத்தில்தான் பைக்குள் போனது திரும்பாமல் மாட்டிக்கொள்கிற பயம் அதிகம்.

இன்னொன்று. பெண் குழந்தைக்கு அந்தப் பையில் குடல் மட்டும் இல்லை, சினைப்பையும் இறங்கி நிற்கலாம். வலிக்காது, அழமாட்டாள், தொட்டால் புளியங்கொட்டை அளவில் கெட்டியாக நகரும், உள்ளே போகாது. அது முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அப்படித் தென்பட்டால் நீயே அழுத்தி அழுத்திப் பார்க்காதே. வீக்கம் கல் மாதிரி இறுகி, தோல் சிவந்து, பாப்பா வாந்தி எடுத்தால், அதுவும் பச்சையாக எடுத்தால், பால் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடு. நடுராத்திரியாக இருந்தாலும் ஓடு. யார் அனுமதியும் கேட்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு மயக்க மருந்துதான் பயம் என்று தம்பி சொன்னான். உன்னிடம் சொல்லாததை அவனிடம் சொல்லியிருக்கிறார் போல. பயப்படுவது தப்பில்லை. தியேட்டர் வாசலில் எத்தனையோ அம்மாக்கள் கையிலிருந்து நான் குழந்தையை வாங்கியிருக்கிறேன். குழந்தை என் மாஸ்க் கயிற்றைப் பிடித்து இழுக்கும், அம்மா குழந்தையின் காலை விடமாட்டாள். உள்ளே நடக்கிற வேலை சின்னது. மடிப்பிலேயே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீறி, பையைத் தேடிப் பிடித்து, உள்ளே இருப்பதை வயிற்றுக்குள் தள்ளிவிட்டு, அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்கு வைப்பதுபோல் வலை வைப்பதில்லை. சிலர் தொப்புள் வழியாகக் கேமரா விட்டும் செய்வார்கள். மயக்கம் கொடுத்தபின் முதுகின் அடியில் ஒரு ஊசி போடுவதால் விழிக்கும்போது வலி தெரியாது. விழித்ததும் வீறிடுவாள், அது பெரும்பாலும் பசி. அன்றே வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். குறைமாதம் என்பதால் மூச்சைக் கவனிக்க ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளலாம், அதற்கு மிரள வேண்டாம். குறைமாதம் என்பதைச் சொல்ல மட்டும் மறக்காதே. தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்னாலும், பால்பவுடரை 6 மணி நேரம் முன்னாலும் நிறுத்தச் சொல்வார்கள். அழுகிறாளே என்று யாராவது ஒரு வாய் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள். அங்கே அதைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

தழும்பு விழும், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று பேச்சு வந்தால் சிரித்துவிடு. ஜட்டிக்குள் மறைகிற ஒரு கோடு, வளர வளர நீயே தேட வேண்டியிருக்கும். ஏழு மாதக் குழந்தையின் கல்யாணத்தைப் பற்றி இப்போது கவலைப்படுகிறவர்கள் அவள் குடலைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படட்டும். சரி, இதை நீ அவர்களிடம் சொல்லாதே.

பொது சர்ஜனிடம் போக வேண்டாம். குழந்தைகளுக்கென்றே படித்த சர்ஜனும், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டரும் இருக்கிற இடமாகப் பார். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவே இருக்கிறது. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியா என்று முகம் சுளித்தால் தனியாரில் காட்டுங்கள், பணம் அப்பா தருகிறார். எங்கே என்பது எனக்கு முக்கியம் இல்லை, எப்போது என்பதுதான். இப்போதே காட்டு. பல்லைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஞாயிறு ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் திங்கள் காலையில் வந்துவிடுவேன். அப்பாவுக்கு மூன்று நாளைக்குப் புளிக்காய்ச்சல் கிண்டி வைத்துவிடலாம், அவர் சமாளித்துக்கொள்வார். சம்பந்தியம்மாவிடம் பேத்தியைப் பார்க்க வந்தேன் என்கிறேன், அது பொய்யும் இல்லை. வரட்டுமா என்று எழுது. வேண்டாம் என்றால் அதையும் எழுது, ஆனால் திங்கட்கிழமை பாப்பாவை யார் தூக்கிக்கொண்டு போகிறீர்கள், எந்த டாக்டரிடம் என்பதையும் சேர்த்து எழுது.

அம்மா