மோட்டார் டைமர் நிற்காமல் ஓடியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வெற்றிலைக் கொடிக்கால் விவசாயி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

போன கார்த்திகையில் உங்கள் மோட்டார் டைமர் ஒன்றை 1,850 ரூபாய் கொடுத்துக் கும்பகோணத்தில் வாங்கினேன். 20 நிமிடம் ஓட்டம், 20 நிமிடம் ஓய்வு, மாறி மாறி. எனக்கு வேண்டியதும் அதுதான். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை எங்களுக்குப் போர்வெல்தான் கதி. கோடையில் அதுவும் முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் இறைத்தால் காற்று வாங்கிவிடும். விட்டு விட்டு இறைத்தால்தான் ஊறும்.

மாசி வரை ஒரு குறையும் இல்லை. பங்குனியில் ஏதோ சரியில்லை என்று தோன்றி, கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஓட்டம் 26 நிமிடம், ஓய்வு 17. சித்திரை பிறந்ததும் 35-க்கு 15. அப்புறம் ஒரு ராத்திரி அது நிற்கவே இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால், தண்ணீர் இல்லாமல் ஓடிய நீர்மூழ்கி மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) கருகிக் கிடக்கிறது. காயில் கட்ட 6,500 ரூபாய். அது வருவதற்குள் ஒன்பது நாள் தண்ணீர் இல்லாமல், அகத்தியில் ஏறிக்கொண்டிருந்த இளங்கொடியில் பாதி வாடிவிட்டது.

உங்கள் சேவை எண்ணில் பேசிய தம்பி, “உங்க ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்குதுங்க, ஸ்டெபிலைசர் வாங்கி வைங்க” என்றார். மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் இதே பதில். நான் வெற்றிலைக்கு வருமுன் பதினெட்டு வருடம் ரேடியோ ரிப்பேர் செய்தவன். பெட்டியைத் திறந்தேன். திறந்தால் வாரண்டி போகும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீர்கள், போகட்டும்.

உள்ளே இருந்தது 555 ஐசி, நேரக் கணக்கு பார்க்கும் சின்ன சிப். 1971-ல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்தது, இன்றைக்கும் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்டென்சரில் மின்சாரம் மெல்லச் சேர்ந்து சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி மோட்டாரை நிறுத்துகிறது. பிறகு சேர்ந்தது வடிந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி போடுகிறது. இந்தப் பங்கைப் பிரிப்பது ஐசிக்குள் வரிசையாக இருக்கும் ஒரே அளவு ரெசிஸ்டர்கள் (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் தடைகள்) மூன்று. சப்ளை ஏறினால் கண்டென்சர் வேகமாக நிறையும், ஆனால் தொட வேண்டிய கோடும் கூடவே உயரும். நேரம் மாறாது. நம்பாவிட்டால் செய்து பாருங்கள்: நான் புதுக் கண்டென்சர் போட்டு 9 வோல்ட்டிலும் 15 வோல்ட்டிலும் ஓட்டினேன், சில விநாடிகூட வித்தியாசம் வரவில்லை.

கோளாறு நீங்கள் போட்ட 2,200 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் இருக்கிறது. அதனோடு 820 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டையும் பெருக்கி, அதை 0.693-ஆல் பெருக்கினால் 1,250 விநாடி, ஏறக்குறைய 21 நிமிடம். காகிதத்தில் கணக்கு சரிதான். ஆனால் 12 வோல்ட் சப்ளையில், அதன் மூன்றில் இரண்டு பங்கான 8 வோல்ட்டை நெருங்கும்போது அந்த ரெசிஸ்டர் வழியாக வருவது 5 மைக்ரோஆம்பியர்கூட இல்லை. இந்த அளவு எலக்ட்ரோலிட்டிக்கில் அதைவிடப் பல மடங்கு லீக்கேஜ் (மின்கசிவு) இருந்தாலும் குறை சொல்ல முடியாது, தயாரிப்பாளர்களே அனுமதிக்கும் அளவு அது. சூடு ஏற ஏற இன்னும் கசியும். உங்கள் தகரப் பெட்டியோ சித்திரை வெயிலில் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.

எங்கள் பாஷையில் சொன்னால், வரப்பில் நண்டு வளை. சின்ன வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது, வளை வழியாகப் போய்க்கொண்டும் இருக்கிறது. வயல் நிறைய நேரமாகும், வடிவது சீக்கிரம் நடக்கும். ஓட்டம் நீண்டதும் ஓய்வு சுருங்கியதும் இதனால்தான். வருவதும் போவதும் சமமான அன்றைக்கு வயல் நிறையவே நிறையாது, மோட்டாரும் நிற்காது. வோல்டேஜ்தான் காரணம் என்றால் ஒன்று கூடி இன்னொன்று ஏன் குறைய வேண்டும்? அந்தத் தம்பியிடம் இதைக் கேட்டேன். லைனில் பாட்டுப் போட்டுவிட்டார்.

இத்தனை நீண்ட நேரத்துக்கு ஒரே கண்டென்சரை நம்பியது தப்பு. துடிப்புகளை எண்ணும் 4060 ஐசி ஒன்று போட்டிருந்தால், லீக்கேஜ் அநேகமாக இல்லாத சின்ன பாலியஸ்டர் கண்டென்சரை வைத்துக் கால் விநாடித் துடிப்பை உண்டாக்கி, ஆயிரக்கணக்கில் எண்ணியே நிமிடக் கணக்கை எட்டியிருக்கலாம். விலை ரொம்பக் கூடியிருக்காது.

டைமர் விலையும் காயில் கட்டிய செலவும் சேர்த்து 8,350 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கொடிக்கு நான் விலை போடவில்லை. இதே டைமரை வாங்கிய மற்றவர்களுக்கும் வெயில் ஏறுமுன் மாற்றிக் கொடுங்கள். எங்கள் பக்கத்திலேயே இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

ரசீது நகல்களையும் பழைய கண்டென்சரையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் பொறியாளர் அதை ஒரு மத்தியான நேரம் வெயிலில் வைத்துவிட்டு லீக்கேஜ் அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்