ஊர்ப்பெயர் – காலப் பட்டியல்: செயலாளரின் ஆண்டறிக்கை

அவையோருக்கு வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்ட விவரங்கள் குறிப்பேட்டில் உள்ளன. இந்த ஆண்டு சங்கம் எடுத்துக்கொண்ட பெரிய வேலை ஒன்றுதான்: குடிவழிப் பதிவுகளில் வரும் ஊர், தாலுகா, ஜில்லா பெயர்களைப் பதிவின் தேதியோடு பொருத்தும் பட்டியல். அறிக்கையும் அதைப் பற்றியே.

சாத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த ஆண்டு உருவான இராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்தது. 1985இல் காமராசர் மாவட்டம், 1997 முதல் விருதுநகர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முகவரி மட்டும் நான்கு. ஆகவே பட்டியலில் ஊருக்கு ஒரு வரி என்று வைக்கவில்லை. ஜில்லா மாறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி, அதில் ‘முதல்’, ‘வரை’ என இரண்டு ஆண்டுக் கட்டங்கள். பெயருக்கும் இரண்டு கட்டங்கள்: ஆவணத்தில் உள்ள எழுத்து பிழையோடு அப்படியே ஒன்றில் ஏறும். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றிருந்தால் டின்னவெல்லிதான். நாம் படித்துக் கொண்ட பெயர் அடுத்த கட்டத்தில். மூலத்தையே திருத்திவிட்டால் பின்னால் வருபவர் சரிபார்க்க வழியில்லை.

அதிகம் தடுக்கி விழுவது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியலில். ஒப்பந்தக் கூலிகள் அங்கே போனது 1860 முதல் 1911 வரை. இங்கே ஜில்லா எல்லைகள் கலைத்துப் போடப்பட்டது 1910, 1911இல். இராமநாதபுரமும் சித்தூரும் புது ஜில்லாக்கள் ஆயின. கரூர் தாலுகா கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போனது. ஆக, அந்தக் கப்பல் பட்டியல் ஏறக்குறைய முழுவதும் பழைய வரைபடத்துக்கு உரியது. ‘வட ஆற்காடு’ என்று கண்டதும் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் தேடிக் களைத்துப் போகிறார்கள். அன்று அந்த ஜில்லாவின் தலைமையிடமே சித்தூர். சந்திரகிரி, பலமனேர் தாலுகாக்களும் அதில்தான் இருந்தன. தேடும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

திருத்தணி இன்னும் சிக்கல். 1911இல் சித்தூர் ஜில்லா, 1953இல் அதோடு ஆந்திர மாநிலம், 1960 ஏப்ரல் 1இல் மீண்டும் சென்னை மாநிலம். 1955இல் அங்கே பிறந்தவரின் சான்றில் ஆந்திரம் என்றிருந்தால் அது எழுத்தர் பிழை அல்ல.

ஒரே பெயருள்ள ஊர்களில் ஜில்லாவை விட்டுவிட்டால் கதை முடிந்தது. கப்பல் பட்டியலில் சேலம் ஜில்லாத் திருப்பத்தூர் இன்று தனி மாவட்டமாக உள்ள வடக்குத் திருப்பத்தூர். மதுரை ஜில்லாத் திருப்பத்தூர் இன்றைய சிவகங்கை மாவட்டத்தது. புதூர், புதுப்பட்டிகளுக்குத் தாலுகாவும் இல்லாமல் வரி ஏற்றுவதில்லை.

ஜில்லா விவரத் தொகுப்பான கெசட்டியரைப் புரட்டும்போதும் பதிப்பாண்டைப் பாருங்கள். 1917இல் வந்த திருநெல்வேலி கெசட்டியரில் சாத்தூர் தாலுகாவைத் தேடிப் பயனில்லை.

அடுத்து ஆண்டுக் கணக்கு. வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி ஜூலையில் தொடங்குகிறது: ஆங்கில ஆண்டு கிடைக்க ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். 1320ஆம் பசலி என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. சித்தூர் ஜில்லா பிறந்தது 1911 ஏப்ரலில். ஆகவே மாதம் தெரியாத, சித்தூர்ப் பக்கத்து 1320ஆம் பசலி ஆவணத்துக்கு வட ஆற்காடு, சித்தூர் இரண்டு வரியும் ஏற்றி, கேள்விக்குறி இட்டிருக்கிறோம். நாஞ்சில் நாட்டுப் பத்திரங்களில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு: ஆவணி பிறந்தது முதல் டிசம்பர் வரை 824, பிறகு 825. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டு முன்னும் பின்னும் போகும். ‘நந்தன வருஷம்’ 1892ஆ 1952ஆ? சாத்தூர்க்காரருக்கு முன்னது திருநெல்வேலி, பின்னது இராமநாதபுரம். முத்திரைத்தாள், சாட்சிகளின் வயது, தகப்பனார் பெயர் ஆகியவற்றை வைத்தே தீர்க்க வேண்டும்.

தேவாலயப் பதிவேடுகளின் பெயர்கள் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. வரும் ஆண்டின் முதல் வேலை அது. உறுப்பினர்கள் தரும் அட்டையில் ஆவணத்தின் தேதி, அது எந்த ஆண்டுக் கணக்கு, எழுதியுள்ளபடியே ஊர்ப்பெயர் மூன்றும் இருக்க வேண்டும். இன்றைய மாவட்டத்தைப் பென்சிலில் எழுதினால் போதும்.

இங்ஙனம்,
செயலாளர்