புழுவுக்குள் ஒருத்தன், கொசுவுக்குள் ஒருத்தன்

கும்பகோணம்

அன்புள்ள ரங்கா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டித் தீர்த்துக்கொள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிவலி இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மணவாளன் திருந்தவில்லை.

விஷயம் இதுதான். லீவுக்கு வந்த பேத்தி, மைக்ரோபயாலஜி படிக்கிறாளே அவள்தான், சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறாள்: "தாத்தா, யானைக்கால் புழுவுக்குள்ளேயே பாக்டீரியா குடியிருக்கு, தெரியுமா?"

யானைக்கால் நோய் வேலையில் இருந்தபோது, பேய்க்கூட்டம் என்று ஊரே நம்மைச் சொல்லும்படி ராத்திரி பத்துக்கு மேல் கதவைத் தட்டி, விரலில் குத்தி ரத்தம் எடுத்தோமே! காலையில் சாயம் ஏற்றி லென்ஸில் வைத்தால் உறை போர்த்திய குட்டிப்புழு வளைந்து கிடக்கும். எந்த வகைப் புழு என்று தெரிய, வால் நுனி வெறுமையா, இரண்டு புள்ளி இருக்கிறதா என்று கண் வலிக்கப் பார்த்தோம். அந்தப் புழுவின் செல்லுக்குள் இன்னொரு உயிர் இருந்திருக்கிறது. வோல்பாக்கியா என்று பெயர். எழுபதுகளிலேயே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார்களாம். நம் பயிற்சி வகுப்புகளில் ஒருத்தராவது மூச்சு விட்டார்களா? டிபனுக்குக் கேசரி போட்டதுதான் மிச்சம்.

தாய்ப்புழுவின் தோலுக்கடியிலும் சினைப்பையிலும் இருந்து, முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. புழுவுக்கு ஹீம் (ரத்தச் சிவப்பில் இருக்கிற இரும்புச் சரக்கு) செய்யத் தெரியாது, இதற்குத் தெரியும். 2005இல் மலாயிப் புழுவில் (யானைக்கால் புழுவில் இன்னொரு வகை) இருக்கிற வோல்பாக்கியாவின் மரபணு முழுவதையும் படித்தபோது ஹீம் செய்கிற மரபணுக்கள் அங்கே இருப்பது தெரிந்தது. அப்புறம் பார், டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் முதலில் சாவது பாக்டீரியா. அது போனதும் தாய்ப்புழு குட்டி போடுவதை நிறுத்திவிடுகிறது, பிறகு மெல்ல அதுவும் சாகிறது. டான்சானியாவில் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து அதே 2005இல் வெளியிட்டார்கள். புழுவைத் தொடாமலே புழுவைக் கொல்வது! எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

யானைக்காலுக்கு நாம் கொடுத்த டி.இ.சி. மாத்திரை விழுங்கிய மறுநாள் காய்ச்சல் என்று துடைப்பத்தோடு உன்னைத் துரத்தினாளே ஒரு கிழவி, நினைவிருக்கிறதா? புழு செத்து உடையும்போது இந்தப் பாக்டீரியாவும் ரத்தத்தில் கொட்டுகிறது. அந்தக் காய்ச்சலில் இதற்கும் பங்கு உண்டாம். துடைப்பம் அதன்மேல் விழுந்திருக்க வேண்டியது, உன் முதுகு வாங்கிக்கொண்டது.

இன்னொரு கூத்து. நம் சாக்கடைக் கொசு கியூலெக்ஸுக்கும் உள்ளே வோல்பாக்கியா உண்டு. ஹெர்ட்டிக்கும் வோல்பாக்கும் 1924இல் முதன்முதலில் கண்டதே கியூலெக்ஸில்தான். ஆக, கொசுவுக்குள் ஒருத்தன், அந்தக் கொசு சுமக்கிற புழுவுக்குள் ஒருத்தன். பங்காளிகள், ஆனால் குணம் வேறு. புழுவில் இருப்பவன் சோறு போடுகிறான். கொசுவில் இருப்பவன் சரியான ரௌடி: இவன் உள்ள ஆண் கொசு, இவன் இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. இதையெல்லாம் 'இணைந்து வாழ்தல்' என்று பாடப்புத்தகம் மொத்தமாக மாலை போட்டு வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ரௌடியையும் விடவில்லை. டெங்கு கொசுவுக்குள் ஏற்றி, வைரஸைப் பரவவிடாமல் தடுக்கிறார்கள். நம் புதுச்சேரியிலேயே வி.சி.ஆர்.சி. என்ற கொசு ஆராய்ச்சி மையத்தில் அப்படிக் கொசு வளர்த்திருக்கிறார்கள்.

நேற்று பாப்பா அக்காவைப் பார்த்தேன். கால் இன்னும் பெருத்திருக்கிறது. தினம் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உயரத்தில் வைத்துக்கொள்கிறாள். நான் டாக்சிசைக்ளின் கதையைச் சொன்னதும், "அதைத் தின்னா என் கால் பழையபடி ஆகுமா தம்பி?" என்றாள். ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ரங்கா, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த மருந்தை ஊருக்கே கொடுக்கவும் வழியில்லை. வாரக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டும், கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் ஆகாது. ஒரே ஒரு நாள் மாத்திரையையே நம் கண்ணெதிரில் முந்தானையில் முடிந்துகொண்டு போன ஜனம்!

ஒரு வாரத்தில் முடிகிற மருந்து ஏதாவது சோதனையில் இருக்கிறதா என்று உன் டாக்டர் மருமகனைக் கேட்டு எழுது. அவனுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவனைக் கேட்கச் சொல். நீ பதில் போட மூன்று மாதம் எடுத்துக்கொள்ளாதே, அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

உன்,
சாமிநாதன்